வெண்கட்டி சொன்ன வரலாறு



பள்ளிக்கூடங்களில் வரலாறும் விஞ்ஞானமும் தனித்தனிப் பாடங்களாகவே நடக்கின்றன. வரலாற்று வகுப்பில் அரசர்களும் போர்களும் ஆண்டுகளும் வருகின்றன. விஞ்ஞான வகுப்பில் வரையறைகளும் வாய்பாடுகளும் வருகின்றன. பாறை என்பது யாது, மூலகம் என்பது யாது என்று கேட்டால் பிள்ளை தடுமாறாமல் ஒப்பிக்கிறது. ‘அது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் நம் முகத்தைப் பார்க்கிறது. புத்தகத்தில் இருக்கிறது என்பது ஒன்றே அதற்குத் தெரிந்த சான்று.

பிரபஞ்சத்தின் வரலாற்றையும் உயிர்களின் வரலாற்றையும் சொல்லி, அதன் வழியே விஞ்ஞானத்தைக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்து வருகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1827-28ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெர்லின் நகரில், கட்டணம் ஏதுமின்றி, பெண்களும் வந்து கேட்கும்படியாக, விண்மீன் முதல் பயிர் பச்சை வரை அனைத்தையும் ஒரே தொடராகப் பேசினார். அமெரிக்க வானியலர் கார்ல் சேகன் 1980இல் பதின்மூன்று பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரில், பிரபஞ்சத்தின் முழு வயதையும் ஓர் ஆண்டு நாட்காட்டியாகச் சுருக்கிக் காட்டினார். மனிதன் எழுதி வைத்த வரலாறெல்லாம் அந்த நாட்காட்டியில் டிசம்பர் 31ஆம் தேதியின் கடைசிச் சில நொடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. 1989இல் சிட்னி நகரின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் டேவிட் கிறிஸ்டியன் என்னும் வரலாற்றாசிரியர் பெருவெடிப்பில் தொடங்கி இன்றுவரை வரும் வரலாற்றை ஒரு பாடமாகவே நடத்தத் தொடங்கினார்.

இவை யாவும் போற்றத்தக்கவை. ஆயினும் இவற்றைப் பார்த்து அப்படியே வகுப்பில் இறங்கும் ஆசிரியருக்கு ஓர் இடர் உண்டு. ‘முதலில் ஒரு பெருவெடிப்பு, பிறகு விண்மீன்கள், பிறகு பூமி, பிறகு மீன், பிறகு தவளை’ என்று மேலிருந்து அடுக்கிக்கொண்டே வந்தால், பிள்ளை அதனையும் ஒரு புராணத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொள்கிறது. கதை மாறியதே தவிர, கேட்கும் முறை மாறவில்லை. இந்த இடரிலிருந்து தப்புவதற்கு ஒரு வழியை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அவரைப் பற்றியும், அவர் கையில் எடுத்த ஒரு துண்டு வெண்கட்டியைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1825இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் கணித ஆசிரியர். ஆனால் மகனுக்குக் கிடைத்த முறையான பள்ளிப் படிப்போ இரண்டே ஆண்டுகள். மற்றதெல்லாம் சொந்த முயற்சி. கப்பலில் உதவி மருத்துவராக ஆஸ்திரேலியக் கடல்களுக்குச் சென்று, கிடைத்த நேரத்தில் கடல் உயிர்களை அறுத்து ஆராய்ந்து பெயர் பெற்றார். டார்வின் 1859இல் தம் நூலை வெளியிட்டபோது, மேடையேறி வாதாடும் வேலையைத் தம் தோளில் போட்டுக்கொண்டவர் இவரே. இன்னொரு வேலையையும் விரும்பிச் செய்தார்: பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் தொழிலாளர்களுக்கு மாலை வேளைகளில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பது.

1868 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நார்விச் நகரில் கூடியது. அப்போது அந்நகரத் தொழிலாளர்களுக்கென்று ஹக்ஸ்லி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு, ஒரு துண்டு சீமைச் சுண்ணாம்பு. நாம் சாக்கு என்றும் வெண்கட்டி என்றும் சொல்கிறோமே, அதுதான். அவர்கள் நின்ற இடத்திலேயே கிணறு வெட்டினால் சிறிது ஆழத்தில் அந்த வெள்ளைப் பாறை தட்டுப்படும் என்பதிலிருந்து அவர் பேச்சைத் தொடங்கினார். கிணறு வெட்டிய தொழிலாளிக்கு அது புதிய செய்தியா? இல்லை. மண்வெட்டியின் முனையில் அவன் தினமும் கண்ட பொருள்தான். அவன் அறியாதது, அந்தப் பாறைக்கு ஒரு வரலாறு உண்டு என்பது.

முதலில் அதன் இரசாயனம். சீமைச் சுண்ணாம்பைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இதை நம் பாட்டிமாருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுட்டதுதானே! சுட்ட கிளிஞ்சலில் நீரை ஊற்றினால் அது சீறிக் கொதித்து மாவாக உதிர்கிறது. ஆகவே கடற்கரைச் சிப்பியும், நார்விச் நகரத்துப் பாறையும், நம் கோழிமுட்டையின் ஓடும் பொருளளவில் ஒன்றே. மூன்றும் கால்சியம் கார்பனேட். இந்த ஒற்றுமையே முதல் துப்பு. சிப்பியை ஓர் உயிர் செய்தது என்றால், பாறையைச் செய்தது யார்?

அடுத்த துப்பு நுண்ணோக்கியில் கிடைத்தது. சீமைச் சுண்ணாம்பை மெல்லிய தகடாகத் தேய்த்துப் பார்த்தால், சிறு சிறு உருண்டை அறைகள் ஒட்டிக்கொண்ட ஓடுகள் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன. குளோபிஜெரினா என்று அவற்றுக்குப் பெயர். அவை உயிர்களின் கூடுகள்தாம் என்பதை எப்படி நிச்சயிப்பது? இங்கேதான் நம் நாட்டுக் காடுகள் கதைக்குள் வருகின்றன.

அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திக் கம்பி போட வேண்டியிருந்தது. கடல்நீர் புகாதபடி கம்பிக்கு உறையிட ஏற்ற பொருள் எது? மலாய்க் காடுகளில் ஒரு மரத்திலிருந்து வடியும் பால். மலாயர் அதனைக் கெத்தா பெர்ச்சா என்பர். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மான்ட்கோமரி என்பவர் 1843இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அந்த உறை கிடைத்ததால்தான் ஆழ்கடல் தந்தி சாத்தியமாயிற்று. (அதற்காக எத்தனை மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன என்பது வேறொரு சோகக் கதை.) கம்பி போகும் வழியில் கடலின் அடித்தளம் எப்படியிருக்கிறது என்று அறிய, 1857இல் சைக்ளோப்ஸ் என்னும் கப்பலில் டேமன் என்ற அதிகாரி அயர்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை ஆழம் பார்த்துக்கொண்டே சென்றார். இரண்டு மைலுக்கும் அதிகமான ஆழத்திலிருந்து அவர் அள்ளி வந்த சேறு ஹக்ஸ்லியிடம் வந்து சேர்ந்தது. அந்தச் சேறு உலர்ந்ததும் வெண்கட்டி போலவே பலகையில் எழுதியது! நுண்ணோக்கியில் பார்த்தால் அதே குளோபிஜெரினா. சேற்றில் இன்னும் நுண்ணிய, பொத்தான் போன்ற வட்டத் தகடுகளும் இருந்தன. அவற்றுக்குக் கொக்கோலித் என்று ஹக்ஸ்லியே 1858இல் பெயரிட்டார். அதே தகடுகள் பழைய சீமைச் சுண்ணாம்பிலும் இருந்தன. சீமைச் சுண்ணாம்பின் பெரும்பகுதி இந்தத் தகடுகளே என்றும், அவை கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகளின் கவசங்கள் என்றும் இன்று நாம் அறிவோம்.

ஆக, நார்விச் நகரின் அடியில் இருப்பது ஒரு பழங்கடலின் அடித்தளம். டார்செட் கடற்கரையிலிருந்து யார்க்ஷயர் வரை சுமார் 280 மைல் நீளத்துக்கு அது கிடக்கிறது. சில இடங்களில் கனம் ஆயிரம் அடிக்கும் மேல்.

அது படிவதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு ஹக்ஸ்லி சொன்ன விடையே அந்தச் சொற்பொழிவின் உயிர்நாடி என்பது என் கருத்து. அதனைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சீமைச் சுண்ணாம்பைத் தோண்டும்போது கடல் முள்ளெலி என்னும் உயிரின் பந்து போன்ற ஓடுகள் அகப்படுகின்றன. உயிரோடிருக்கும்போது அதன் மேலெல்லாம் முட்கள் இருக்கும். செத்து அழுகிய பிறகே முட்கள் உதிரும். முள் உதிர்ந்த சில ஓடுகளின் மேல் கிரேனியா என்னும் வேறொரு சிறு உயிரின் ஓடு ஒட்டியிருக்கிறது. கிரேனியாவுக்கு இரண்டு மூடிகள். கீழ்மூடி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாக வளர்ந்த கீழ்மூடி இருக்கிறது, மேல்மூடியைக் காணோம் என்றால் என்ன பொருள்? முள்ளெலி செத்தது, முள் உதிர்ந்தது, கிரேனியா வந்து ஒட்டியது, வளர்ந்தது, அதுவும் செத்தது, அதன் மேல்மூடி கழன்று போனது. இத்தனையும் நடந்து முடியும்வரை அந்த ஓட்டைச் சேறு மூடவில்லை. சில ஓடுகளில் அந்தக் கீழ்மூடியின் மேல் மூன்றாவதாக வேறோர் உயிரும் படர்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஓராண்டு என்று வைத்துக்கொள்வோம். அது மிகக் குறைந்த கணக்கு. அப்படியானால் ஓர் அங்குலச் சேறு படிய ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஆயிரம் அடி என்பது பன்னிரண்டாயிரம் அங்குலம். எனவே அந்தப் பாறை படியக் குறைந்தது 12,000 ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்க வேண்டும்.

அந்நாளில் அந்தக் கூட்டத்தில் இருந்த பலரும் வீட்டில் வைத்திருந்த வேதப் புத்தகத்தின் ஓரத்தில், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று அச்சிடப்பட்டிருந்தது. அதன்படி உலகின் மொத்த வயதே ஆறாயிரம் ஆண்டுகள்தாம். ஹக்ஸ்லி எவரையும் நேராகச் சாடவில்லை. பன்னிரண்டால் பெருக்கத் தெரிந்த எவரும் தாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கை முன்னால் வைத்தார். உண்மையான காலம் இதைவிட மிக மிக நீண்டது என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் கேட்பவர் கையாலேயே அளந்து பார்க்கக்கூடிய சிறிய எண்ணைத் தேர்ந்துகொண்டார். கோடிகளை அள்ளி வீசியிருந்தால் அவர்கள் வியந்திருப்பார்கள். நம்பியோ நம்பாமலோ வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பிறகு பாறையின் மேலே என்ன இருக்கிறது என்று காட்டினார். நார்விச்சுக்கு வடக்கே குரோமர் என்ற கடற்கரையில், சீமைச் சுண்ணாம்புக்கு மேலே பழங்காடு ஒன்று புதைந்து கிடக்கிறது. மர அடிகளும், யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளும் அதில் உள்ளன. அந்தக் காட்டுக்கும் மேலே களிமண்ணும் உருண்டு வந்த பாறைகளும். கடலாயிருந்த இடம் காடாகி, காடு மூடப்பட்டு, கடைசியில் வயலும் வீடும் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் உயிர்களின் தோற்றமும் மாறியது. உயிரினங்கள் மாறி வந்தன என்ற டார்வினின் கருத்துக்கு அவர் அங்கிருந்துதான் வந்து சேர்ந்தார்.

அதே 1868இல் ஹக்ஸ்லி தவறியும் போனார். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சாராயத்தில் பத்தாண்டுகளாக ஊறியிருந்த அந்த அட்லாண்டிக் சேற்றை மீண்டும் பார்த்தபோது, வழவழப்பான ஏதோ ஒன்று தெரிந்தது. கடலடி முழுவதும் பரவிக் கிடக்கும் ஆதி உயிர் அதுவே என்று எண்ணி, பாத்திபியஸ் என்று பெயரிட்டு அறிவித்தார். 1872இல் புறப்பட்ட சேலஞ்சர் கப்பலின் ஆராய்ச்சியாளர்கள் கடல் கடலாகத் தேடியும் அது அகப்படவில்லை. கப்பலில் இருந்த இரசாயனர் புக்கனன் உண்மையைக் கண்டறிந்தார்: கடல்நீரில் சாராயம் சேர்ந்தால் கால்சியம் சல்பேட் கூழ்போலத் திரண்டு படிகிறது, அவ்வளவே. செய்தி எட்டியதும் 1875இல் ஹக்ஸ்லி தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

காலத்தை அளப்பதிலும் தகராறு இருந்தது. பௌதிக மேதை கெல்வின், உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்துவர ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, 1862இல் பூமியின் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையே என்றார். பின்னர் அதனை இன்னும் குறைத்தார். உயிர்கள் மெதுவாக மாறிவருவதற்கு அது போதாது என்று டார்வின் கவலைப்பட்டார். சிறந்த கணித அறிஞர் ஒருபுறம், பாறையைப் படித்தவர்கள் மறுபுறம். இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது ஒரு சூரிய கிரகணத்தில் தொடங்கிய கதை.

1868 ஆகஸ்டு 18. நார்விச் கூட்டம் நடந்த அதே மாதம். முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் இந்தியாவைக் கடந்து சயாம் வழியாகச் சென்றது. சயாம் மன்னர் மோங்குட் தாமே அதனைக் கணித்து, கடலோரத்தில் முகாமிட்டுப் பார்த்தார். நீரிணைக் குடியேற்ற ஆளுநர் சர் ஹேரி ஆர்ட் சிங்கப்பூரிலிருந்து விருந்தினராகச் சென்றிருந்தார். அங்கே பிடித்த மலேரியாக் காய்ச்சலால் மன்னர் அக்டோபரில் காலமானார். அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலர் ஜான்சென், சூரியனின் விளிம்பில் எழும் சுடர்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்த ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, பூமியில் அறிந்த எந்தப் பொருளுக்கும் உரியதன்று என்று ஆங்கிலேயர் லாக்கியர் பின்னர் கண்டார். சூரியனுக்குரிய கிரேக்கச் சொல்லைக்கொண்டு அந்தப் புதிய மூலகத்துக்கு ஹீலியம் என்று பெயராயிற்று.

1895இல் இலண்டனில் ராம்சே அதே ஹீலியத்தை யுரேனியம் கலந்த கனிமம் ஒன்றில் கண்டுபிடித்தார். கல்லுக்குள் அது எப்படி வந்தது? கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு விடை கிடைத்தது. யுரேனியம் சிறுகச் சிறுகச் சிதையும்போது ஹீலியத்தை வெளிவிடுகிறது. சிதையும் வேகம் தெரிந்தால், கல்லில் சேர்ந்த ஹீலியமே கடிகாரம். 1904இல் ரதர்ஃபோர்டு இதனை இலண்டன் மேடையில் விளக்கியபோது, முதியவரான கெல்வினும் சபையில் அமர்ந்திருந்தார். ஹீலியம் கல்லிலிருந்து கசிந்துவிடும் என்பதால், பின்னர் யுரேனியம் கடைசியில் ஈயமாக மாறுவதை அளந்தார்கள். 1956இல் பேட்டர்சன் என்னும் அமெரிக்கர் விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்றார். நார்விச் சீமைச் சுண்ணாம்பு படிந்தது அதில் மிகச் சமீபத்திய காலம்: சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலப்பகுதி.

அது ஏன் முடிந்தது என்பதற்கும் பாறையே சாட்சி. டென்மார்க்கில் ஸ்டீவன்ஸ் கிளிண்ட் என்ற செங்குத்துக் கரையில், சீமைச் சுண்ணாம்பின் உச்சியில் விரல் கனமே உள்ள களிமண் பட்டை ஒன்று இருக்கிறது. அதிலும், இத்தாலியில் உள்ள அதே காலத்துப் பட்டையிலும், பூமியின் மேற்பரப்பில் அரிதான இரிடியம் என்னும் உலோகம் மிகுந்திருப்பதை அல்வாரெஸ் என்ற தந்தையும் மகனும் தோழர்களும் 1980இல் அறிவித்தனர். விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்றனர். மெக்சிகோவில் புதைந்திருந்த பெரும் பள்ளம் 1991இல் அடையாளம் காணப்பட்டது. டைனசோர்களின் முடிவும் அந்தப் பட்டையில்தான்.

இப்போதுதான் விண்மீன்களின் முறை வருகிறது. வெண்கட்டியில் உள்ள கார்பன் எங்கே உண்டாயிற்று? விண்மீனின் கொதிக்கும் நடுப்பகுதியில் மூன்று ஹீலியக் கருக்கள் இணைந்து ஒரு கார்பன் கரு பிறக்கிறது. அதற்கு எந்த நிலை தேவை என்பதை ஃபிரெட் ஹாயில் 1953இல் முன்கூட்டியே சொன்னார். ஆய்வுக்கூடத்தில் அது மெய்யாயிற்று. 1957இல் அவரும் பர்பிட்ஜ் தம்பதியரும் ஃபௌலரும் சேர்ந்து, பிராணவாயு, கால்சியம் முதலிய மூலகங்கள் விண்மீன்களில் உருவாகும் முறையை எழுதினார்கள். குண்டூரில் சூரியனிடம் கண்ட அந்த மஞ்சள் கோட்டுப் பொருளே கரும்பலகையில் எழுதும் கட்டிக்கும் தாய். பிள்ளையிடம் பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்று சொல்வதற்கு இதுவே தக்க நேரம். அது ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கத் தயாராக இருக்கும்.

ஹக்ஸ்லி இதே முறையைப் பிறகும் கைவிடவில்லை. இலண்டன் இளைஞர்களுக்கு 1869இல் இயற்கையைப் பற்றி நடத்திய பாடங்களைத் தேம்ஸ் ஆற்றிலிருந்தே தொடங்கினார். அது 1877இல் நூலாகவும் வந்தது. நம் பிள்ளைக்குத் தேம்ஸ் ஆறு வேண்டாம், நார்விச்சும் வேண்டாம். பத்துமலை இருக்கிறது.

தைப்பூசத்தன்று 272 படிகள் ஏறிக் குகைக்குள் நிற்கிறோமே, அந்த மலை முழுவதும் சுண்ணாம்புக்கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. சீமைச் சுண்ணாம்பைவிட நான்கு மடங்கு பழையது. அதில் சிப்பி தெரியுமா என்று பிள்ளை கேட்கும். பெரும்பாலும் தெரியாது. ஏன்? சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தீபகற்பத்தின் நடுமலைத் தொடரின் கருங்கல் உருகிய குழம்பாகக் கீழிருந்து எழுந்தது. அதே குழம்புதான் நமக்கு வெள்ளீயத்தையும் கொண்டுவந்தது. அதன் வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்காகி, பழைய ஓடுகளின் வடிவம் அழிந்துவிட்டது. ஓடுகளைக் காண விரும்பினால் லங்காவிக்குப் போகலாம். அங்குள்ள பழைய சுண்ணாம்புக்கற்களில் கடல் உயிர்களின் உருவங்கள் இன்னும் தெரிகின்றன.

மலையிலிருந்து எவரும் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம். முட்டை ஓடு, கடற்கரைச் சிப்பி, பளிங்குக் கடையில் கிடைக்கும் சில்லு, வகுப்பறை வெண்கட்டி ஆகிய நான்கையும் தனித்தனியே பொடி செய்து, ஒவ்வொன்றின் மேலும் சமையலறை வினிகரைச் சில துளி விடச் சொல்லுங்கள். முதல் மூன்றும் நுரைக்கும். வெண்கட்டி பெரும்பாலும் நுரைக்காது. கடைகளில் இன்று கிடைக்கும் வெண்கட்டிகள் பலவும் சீமைச் சுண்ணாம்பால் செய்தவை அல்ல, ஜிப்சத்தால் செய்தவை. அதாவது கால்சியம் சல்பேட், ஹக்ஸ்லியை ஏமாற்றிய அதே பொருள்.

பத்துமலையின் இருட்குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. வயிற்றின் மேல் தகடு தகடாகப் பகுப்புகள் உள்ள அபூர்வ வகை; வளையின் வாயில் மண்ணும் நூலும் கலந்து கதவு செய்து, வாசலிலிருந்து சில நூல்களை வெளியே நீட்டிவிட்டு, எந்த நூல் அசைகிறது என்று உள்ளே காத்திருக்கும். இதே போன்ற பகுப்புள்ள சிலந்தியின் கல்லுரு பிரான்சு நாட்டில், சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் கிடைத்திருக்கிறது. இந்தச் சிலந்தி வாழும் சுவர் அதைவிடவும் மூத்தது.